பேட்டரியும் ஆப்த வாக்கியமும்

கேமரா வாங்க ஆறு மாதம் யோசிக்கிறவர், லென்ஸ் வாங்க நான்கு பேரிடம் விசாரிக்கிறவர், பேட்டரி தளர்ந்துபோன நாளில் கடை மேசையின் முன்னால் தனியாக நிற்கிறார். எதிரே இரண்டு பேட்டரிகள். ஒன்றில் கேமரா கம்பெனியின் பெயர். இன்னொன்றில் வேறொரு பெயர். விலை மூன்றில் ஒரு பங்கு. அளவு ஒன்று, வோல்ட் ஒன்று, தொடுமுனைகள் இருக்கும் இடமும் ஒன்று. "ஒரிஜினல்னா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம் சார். இதுவும் நல்லாத்தான் ஓடுது, நிறையப் பேர் வாங்கிட்டுப் போறாங்க" என்கிறார் கடைக்காரர். இரண்டையும் உடைத்துப் பார்த்துவிட்டு வாங்க முடியாது. யாரோ ஒருவர் சொல்வதை நம்பித்தான் வாங்கியாக வேண்டும்.

யார் சொல்வதை, எதை வைத்து நம்புவது?

பர்ஸைப் பொறுத்த விஷயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, மெய்யியலில் மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் ஆண் துறவி வேடத்தில் சமயவாதிகளைக் கேட்கப் போகிறாள் மணிமேகலை. அங்கே முதலில் பேசுகிற அளவைவாதி, அறிவு எந்தெந்த வழிகளில் வருகிறது, அதாவது அளவைகள் எவை, என்பதிலிருந்துதான் தொடங்குகிறார். வியாசர் கணக்கில் பத்து வழிகள், கிருதகோடி கணக்கில் எட்டு, சைமினி கணக்கில் ஆறு. பிறகு காஞ்சியில் அறவண அடிகள், பௌத்தம் ஏற்பவை காட்சி, கருதல் என்ற இரண்டு மட்டுமே என்று அவளுக்கு விளக்குகிறார். சைவ சித்தாந்தத்தின் பெரும் நூலான சிவஞான சித்தியார் சுபக்கத்தை அருணந்தி சிவாச்சாரியார் அளவை இலக்கணத்தோடுதான் தொடங்குகிறார். அவர் ஏற்பவை காண்டல், கருதல், உரை என மூன்று. நியாய மரபு உவமையையும் சேர்த்து நான்கு என்கிறது.

எண்ணிக்கை பற்றிய இந்த வழக்கு பல நூற்றாண்டுகள் ஓயாமல் நடந்தது. அதன் நடுவில் இருந்த சிக்கல்களில் முக்கியமானது உரை. கண்ணால் காண்பது அறிவு; புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதும் அறிவு. ஆனால் இன்னொருவர் சொன்னார் என்பதற்காக ஏற்றுக்கொள்வது அறிவாகுமா? பௌத்தத் தருக்கவாதிகள் அதைத் தனி வழியாக ஏற்கவில்லை. சொன்னவர் நம்பத் தகுந்தவர் என்று ஊகித்து ஏற்கிறோம், ஆகவே அதுவும் கருதலில் அடங்கும் என்றார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். மனிதனுக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அவனுடைய பிறந்த தேதி உட்பட, பிறர் சொல்லித்தான் தெரியும். அதைத் தனி அளவையாக ஏற்காமல் எப்படி?

பேட்டரி இந்த வழக்கை இன்றைய கடை மேசைக்குக் கொண்டுவருகிறது. காட்சி எதுவரை உதவும், கருதல் எதுவரை உதவும், எந்த இடத்தில் உரையை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பொருள்கள் குறைவு.

கேனன் நிறுவனத்தின் எல்பி-இ6 பேட்டரியை எடுத்துக்கொள்ளலாம். 2008இல் 5டி மார்க் 2 கேமராவோடு வந்தது, 7.2 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர் மணி. அதன் கறுப்பு பிளாஸ்டிக் உறைக்குள் தொடராக இணைத்த லித்தியம் அயனி செல்கள் இருக்கின்றன. செல்களின் முனைகளை மெல்லிய உலோகப் பட்டைகள் இணைக்கின்றன. அவை ஒரு சின்ன சர்க்யூட் போர்டுக்குப் போகின்றன. பேட்டரியின் ஒழுக்கம் முழுவதும் அந்தப் போர்டில்தான் இருக்கிறது. செல்லின் வோல்டேஜ் ஏறக்குறைய 4.2ஐத் தாண்டப் பார்த்தால் சார்ஜை நிறுத்த வேண்டியது அது. அளவுக்கு மீறி வடிந்தால் வெளியே போகும் மின்சாரத்தை வெட்ட வேண்டியதும் அதுவே. முனைகள் தற்செயலாக ஒன்றோடொன்று பட்டுவிட்டால் ஒரு கணத்தில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். செல் சூடாகிறதா என்று பார்க்க ஒரு தெர்மிஸ்டர் உண்டு. கேமராவோடு பேசி, மீதி எத்தனை சதவீதம் என்று சொல்ல ஒரு சிப் உண்டு.

செல்லுக்குள் இன்னும் நுட்பம். செப்புத் தகட்டின் மேல் கிராஃபைட் பூச்சு, அலுமினியத் தகட்டின் மேல் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு பூச்சு. இரண்டையும் பிரித்து வைப்பது ஏறக்குறைய 20 மைக்ரான் தடிமனே உள்ள ஒரு பிளாஸ்டிக் படலம். இவை ஊறிக்கிடக்கும் திரவம் தீப்பற்றக்கூடியது. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் கிராஃபைட்டின் மேல் லித்தியம் உலோகமாகவே படியத் தொடங்கும். சூடு ஏறும், படலம் உருகும், இரண்டு தகடுகளும் சந்திக்கும். அதற்குப் பிறகு வேதிவினையே வெப்பத்தைத் தருகிறது, அந்த வெப்பம் வினையை இன்னும் விரைவாக்குகிறது. யாரும் நிறுத்த முடியாது.

உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பொருளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். 7.2 வோல்ட், 1.8 ஆம்பியர் மணி என்றால் 13 வாட் மணி. அதாவது சுமார் 46,800 ஜூல். 60 கிலோ எடையுள்ள ஒருவரை ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தின் 236 அடி உச்சிக்குத் தூக்கிக்கொண்டுபோய் நிறுத்தினாலும் இந்த ஆற்றலில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அது மணிக்கணக்கில் ஒழுங்காகச் செலவானால் படங்கள். சில நொடிகளில் வெளியேறினால் தீ.

கடை மேசையின் முன்னால் நிற்பவரின் கண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. தெரிவதெல்லாம் பிளாஸ்டிக் உறையின் முடிப்பு, லேபிளின் அச்சு, கேமராவுக்குள் வழுக்கிப் போகிறதா சிக்குகிறதா என்பது. காட்சி அளவை இந்தப் பொருளின் தோலோடு நின்றுவிடுகிறது.

கருதல் அளவை இன்னும் சற்றுத் தூரம் வரும். கேனன் எல்பி-இ6 வரிசை 2008இல் 1800 மில்லி ஆம்பியர் மணியில் தொடங்கியது. அடுத்து எல்பி-இ6என் 1865. 2020இல் வந்த எல்பி-இ6என்எச் 2130. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏற்றம் 18 சதவீதம். நிக்கானின் இஎன்-இஎல்15 வரிசை 1900இல் தொடங்கி 2280க்கு வந்தது. பத்தாண்டில் 20 சதவீதம். பெரும் ஆய்வுக்கூடங்களும் செல் தயாரிப்பில் நீண்ட அனுபவமும் பின்னால் இருக்க, அதே உறைக்குள் கூட்ட முடிந்தது அவ்வளவுதான். இந்த நிலையில் பெயர் தெரியாத ஒரு லேபிள் அதே எல்பி-இ6 உறைக்குள் 3000 இருக்கிறது என்று சொன்னால், உறையை உடைக்காமலே அது பொய் என்று ஊகிக்கலாம். ஊகம் அங்கேயே நிற்கத் தேவையில்லை. சரிபார்க்க எளிதான எண்ணிலேயே பொய் சொல்லத் தயங்காதவர், சரிபார்க்க முடியாத சர்க்யூட் போர்டில் மட்டும் நேர்மையாக இருந்திருப்பார் என்று எண்ண எந்த நியாயமும் இல்லை.

ஆனால் கருதலுக்கும் எல்லை உண்டு. 2000 என்று அடக்கமாக எழுதியிருக்கும் லேபிள் பொய் என்று ஊகிக்க வழியில்லை. மெய் என்று ஊகிக்கவும் வழியில்லை. உரை தொடங்குவது இங்கேதான்.

உரையை எப்போது ஏற்கலாம் என்பதற்கு நியாய மரபு ஒரு விடை சொன்னது. கௌதமரின் நியாய சூத்திரம், ஆப்தர் சொல்வதே உரை அளவை என்கிறது. ஆப்தர் யார் என்பதை அதற்குப் பாஷ்யம் எழுதிய வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும். அதோடு அவர் நிறுத்தவில்லை. ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் இந்த இலக்கணம் பொது என்று சேர்த்துச் சொல்கிறார். பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த ஒரு சமூகத்தின் நடுவே நின்று, ஒரு சொல்லின் நம்பகம் சொல்பவரின் பிறப்பிலிருந்து வருவதில்லை, அவருடைய அறிவிலிருந்தும் நேர்மையிலிருந்தும் வருகிறது என்று எழுதிய வரி அது. இந்திய மெய்யியலின் துணிச்சலான வரிகளில் அதற்கு இடம் உண்டு.

இதைக் கடை மேசைக்குக் கொண்டுவந்தால் "ஒரிஜினல்" என்ற சொல்லின் மதிப்பு கொஞ்சம் மாறுகிறது. ஒரிஜினல் என்பது பிறப்பைப் பற்றிய செய்தி. எந்தத் தொழிற்சாலையின் பெயரோடு வந்தது என்று சொல்கிறது. கேமராவைச் செய்தவருக்கு அதன் பேட்டரியைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் தெரிந்திருக்கும், தவறு நடந்தால் அவருக்குத்தான் அதிக நட்டம். ஆகவே பிறப்பு நம்பகத்துக்கு ஒரு நல்ல அறிகுறி. ஆனால் அறிகுறி காரணம் ஆகாது. இதற்கு வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு.

லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி. அது முதலில் போய்ச் சேர்ந்த கருவிகளில் சோனியின் ஹேண்டிகேம் வீடியோ கேமராவும் ஒன்று. அந்த வேதியியலுக்கு அடித்தளமிட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பொருளுக்கு சோனியைவிட மூத்த பிறப்பு வேறு யாருக்கு இருக்க முடியும்? அப்படியிருந்தும் 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தபோது, அவற்றுக்குள் இருந்தவை சோனி செய்த செல்கள். தயாரிப்பின்போது செல்லுக்குள் புகுந்த நுண்ணிய உலோகத் துகள்கள் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கின.

பத்தாண்டு கழித்து சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7. 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்து, தீப்பிடித்து, செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டு, மாற்றாகத் தந்த போன்களும் தீப்பிடித்து, அக்டோபரில் தயாரிப்பே நின்றது. 2017 ஜனவரியில் சாம்சங் காரணத்தை அறிவித்தது. பேட்டரிகள் இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. ஒன்று குழுமத்தின் சொந்த நிறுவனமான சாம்சங் எஸ்டிஐ. ஒருவரின் பேட்டரியில் எதிர்முனைத் தகட்டின் மூலை மடங்கியிருந்தது. மற்றவரின் பேட்டரியில் வெல்டிங் பிசிறு படலத்தைத் துளைத்தது. இரண்டும் ஒரிஜினல்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் காட்டி, ஒரிஜினலும் எரிகிறது, ஆகவே எதை வாங்கினாலும் ஒன்றுதான் என்று முடிப்பவர்கள் உண்டு. அது தவறான முடிவு. டெல்லும் சாம்சங்கும் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும். எந்தெந்தப் பேட்டரி என்று பொதுவில் சொல்லின, திரும்பப் பெற்றன, காரணத்தை அறிவித்தன. இலட்சக்கணக்கான பொருள்களைத் தேடிப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம் அவற்றுக்குப் பெயரும் எண்ணும் முகவரியும் இருந்ததுதான். அறிந்ததைச் சொல்லும் விருப்பம் என்று வாத்ஸ்யாயனர் வைத்த இரண்டாவது நிபந்தனை, பொருள் நன்றாக இருக்கும் நாளைவிட அது கெட்டுப்போன நாளில்தான் சோதனைக்கு வருகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கடையில் இருப்பவை ஒரிஜினல், டூப்ளிகேட் என்று இரண்டு வகை அல்ல, நான்கு வகை. முதலாவது, கேமரா கம்பெனியின் பேட்டரி. இரண்டாவது, தன் சொந்தப் பெயரைப் போட்டு, இன்ன கேமராவுக்குப் பொருந்தும் என்று சொல்லி இன்னொரு நிறுவனம் விற்கும் மாற்று பேட்டரி. மூன்றாவது, யார் செய்தது என்ற விவரமே இல்லாத பேட்டரி. நான்காவது, கேமரா கம்பெனியின் பெயரையும் ஹோலோகிராமையும் அச்சடித்து ஒட்டிய போலி. பேச்சு வழக்கில் கடைசி மூன்றையும் "டூப்ளிகேட்" என்றே சொல்லிவிடுகிறார்கள். இதனால் அநியாயம் நடப்பது இரண்டாவது வகைக்கு. தன் பெயரை வெளிப்படையாகப் போட்டவர், பொருள் கெட்டால் அந்தப் பெயர் கெடும் என்று ஒப்புக்கொண்டவர். மூன்றாமவர் பெயரே சொல்லாததால் கேள்விக்கு ஆளாகாமல் தப்பிக்கொள்கிறார். நான்காமவர் இன்னொருவர் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த நம்பகத்தைத் திருடி விற்கிறார். விலையை வைத்துப் பார்த்தால் போலி பல சமயம் மாற்று பேட்டரியைவிட உயர்ந்ததாகத் தெரியும்; ஒரிஜினலைவிடக் கொஞ்சமே மலிவாக இருக்கும். நம்பகத்தை வைத்துப் பார்த்தால் அதற்குக் கீழே இடமில்லை.

பெயர் போட்ட மாற்று நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்வது மட்டும் போதுமா? போதாது; அதனால்தான் மூன்றாம் தரப்பின் சாட்சியம் தேவைப்படுகிறது. இந்தியாவில் கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் பேட்டரிகள் ஐஎஸ் 16046 தரத்தின்படி சோதிக்கப்பட்டு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு பெற்ற பொருளில் "ஆர்" எழுத்தோடு எட்டு இலக்க எண் இருக்கும். அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் யாருடைய பெயரில், எந்தப் பொருளுக்காகப் பதிவானது என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய வேலை.

அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன நடந்திருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இந்தத் தரம் சர்வதேசத் தரமான ஐஇசி 62133ஐ ஒட்டியது. முழுதாகச் சார்ஜ் ஏற்றிய செல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் மூன்று முறை போடுகிறார்கள். அடுப்பில் வைத்து 130 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். முனைகளை வேண்டுமென்றே ஷார்ட் செய்கிறார்கள். நசுக்குகிறார்கள். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றிப் பார்க்கிறார்கள். தீயோ வெடிப்போ இருக்கக் கூடாது. வாங்குபவர் தன் வாழ்நாளில் செய்து பார்க்க முடியாத, செய்து பார்க்கவும் கூடாத காட்சிகளை, அவருக்காக யாரோ ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார். உரை அளவை என்பது கடைசியில் இதுதான்: ஒருவர் கண்ட காட்சி, கெடாமல் இன்னொருவர் கைக்கு வந்து சேர்வது.

இன்னொரு பழைய வழக்கும் இங்கே உதவிக்கு வருகிறது. ஓர் அறிவு உண்மையானது என்று எப்படித் தெரியும்? குமாரில பட்டர் வழிவந்த மீமாம்சகர்கள், அறிவு தோன்றும்போதே நம்பகத்தோடுதான் தோன்றுகிறது, அதற்கு முரணான ஒன்று தெரியவரும் வரை அதை ஏற்கலாம் என்றார்கள். நியாயவாதிகள் ஒப்பவில்லை. அதை நம்பிச் செயலில் இறங்கி, பலன் கிடைத்தால்தான் அது மெய் என்று உறுதிப்படும் என்றார்கள். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது. போய்க் குடித்துத் தாகம் தீர்ந்தால் அது தண்ணீர்.

பேட்டரியில் இந்த இரண்டு கட்சிகளுக்கும் இடம் உண்டு என்பது கவனிக்கத்தக்கது. எத்தனை படம் எடுக்கும் என்பது நியாயவாதியின் சோதனைக்கு அடங்கும். முழுச் சார்ஜ் ஏற்றி, ஒரு நாள் படமெடுத்து, ஒரிஜினல் கொடுத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் முடிந்தது. சார்ஜில் எத்தனை மில்லி ஆம்பியர் மணி உள்ளே போகிறது என்று காட்டும் சார்ஜர்கள் இருக்கின்றன. ஆனால் பாதுகாப்பு இந்தச் சோதனைக்கு அடங்காது. நூறு முறை சார்ஜ் ஏற்றி எதுவும் நடக்கவில்லை என்றால், நூறு முறை நடக்கவில்லை என்பது மட்டுமே தெரியும். பாதுகாப்புச் சர்க்யூட் என்பது எப்போதோ ஒருமுறை வரும் ஆபத்துக்காகக் காத்திருக்கும் உறுப்பு. அது இல்லாத பேட்டரியும் சாதாரண நாட்களில் இருப்பதைப் போலவே ஓடும். "மூணு வருஷமா யூஸ் பண்றேன், ஒண்ணும் ஆகல" என்று நண்பர் சொல்வது படங்களின் எண்ணிக்கைக்கு நல்ல சான்று. தீக்கு அது சான்றே அல்ல. இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதால்தான் பலர் நல்ல மனதோடு தவறான யோசனை சொல்லிவிடுகிறார்கள்.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டியது என்று அவருக்கே சந்தேகம் இருக்கிறது. பழுது பார்த்தால் செலவு. இத்தனை பயணம் போய்வந்த கப்பல் இந்த முறையும் போய்வரும் என்று மெல்ல மெல்லத் தன்னைத் தேற்றிக்கொண்டு, குடும்பங்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் உண்மையாகவே நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது, அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமையில்லை என்கிறார் கிளிஃபர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றத்தில் அணுவளவும் குறையாது என்றும் சொல்கிறார்.

இந்த வாதம் பேட்டரிக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை விமான நிலையத்தில் பார்க்கலாம். உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் வைக்க வேண்டும், முனைகளை மூடியிருக்க வேண்டும். கேமரா பேட்டரிகள் 100 வாட் மணி வரம்புக்கு மிகக் கீழே இருப்பதால் தனி அனுமதி தேவையில்லை. இந்த விதிக்குக் காரணம், எரிந்தால் சிப்பந்திகள் கண்ணில் பட்டு அணைக்க முடியும் என்பது. அதாவது பேட்டரி வாங்கியவர் எடுக்கும் ஆபத்து அவருடையது மட்டும் அல்ல. அதே விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்காரும் குழந்தையுடையதும்தான். கல்யாண வீட்டில் சார்ஜர் செருகப்படுவது பெரும்பாலும் மணமகள் அறைப் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில். மலிவாகக் கிடைத்ததால் பாதுகாப்பானதாகவும் இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொள்பவர், கிளிஃபர்டின் கப்பல் முதலாளி செய்ததைத்தான் செய்கிறார்.

ஆனால் கிளிஃபர்டின் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொண்டால், எதையும் முழுதாகச் சோதிக்க முடியாதவர் எதையுமே வாங்க முடியாது. அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் இதற்குப் பதில் சொன்னார். சில முடிவுகள் சான்றுகள் நிறையும் வரை காத்திருப்பதில்லை. முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவாகிவிடும். விடியற்காலை முகூர்த்தம். கையில் இருக்கும் ஒரே பேட்டரி தாலி கட்டும் நேரத்தில் நின்றுவிடலாம். ஒரிஜினல் இரண்டு வாங்கும் காசில் அந்த மாத வாடகையைக் கொடுத்துவிடலாம் என்ற நிலையில் இருக்கும் இளைஞருக்கு மாற்று பேட்டரி ஆடம்பரமும் அல்ல, அலட்சியமும் அல்ல. தொழிலில் நிற்பதற்கான வழி. அவரைப் பார்த்து "ஒரிஜினல் மட்டும்தான் வாங்க வேண்டும்" என்று சொல்வது அறிவுரையாகாது. அவரிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: பெயர் என்ன, பதிவு எண் என்ன, லேபிள் சொல்லும் அளவு நம்பும்படி இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். அதற்குப் பணம் தேவையில்லை. ஐந்து நிமிடம் போதும்.

கேமராக்களும் இந்த உரையாடலில் கலந்துகொள்கின்றன. தன்னோடு பேசாத பேட்டரியைப் போட்டால் சில கேனன் கேமராக்கள், தொடர்புகொள்ள முடியவில்லை, இதைப் பயன்படுத்தலாமா என்று திரையில் கேட்கும். முடிவைப் பயன்படுத்துபவரிடமே விட்டுவிடும். 2009இல் பானசோனிக் வேறு வழியை எடுத்தது. சில லூமிக்ஸ் கேமராக்களின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த பிற நிறுவன பேட்டரிகளை அவை ஏற்க மறுத்தன. பாதுகாப்பே காரணம் என்றது நிறுவனம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. முதலாவது, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு எதிரிலிருப்பவரின் அறிவை மதிக்கிறது. இரண்டாவது, நல்ல மாற்றையும் கெட்ட மாற்றையும் பிரித்துப் பார்க்காமல், பிறப்பை மட்டும் பார்த்துக் கதவைச் சாத்துகிறது. பாதுகாப்பு உண்மையான கவலைதான். ஆனால் சோதனையில் தேறிய வேறொருவரின் பேட்டரியையும் ஒதுக்கும்போது, அந்தக் கவலையோடு வியாபாரமும் கலந்துவிடுகிறது; எது எவ்வளவு என்று வெளியிலிருப்பவருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் இதில் தெளிவாக ஒரு பக்கம் நின்றது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி 2027 பிப்ரவரி முதல் இருக்க வேண்டும் என்றும், பொருந்தும் வேறொரு பேட்டரியை மாற்றுவதை மென்பொருள் கொண்டு தடுக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது.

பிறப்பை மட்டும் பார்ப்பதன் குறை, கேமரா பழசாகும்போது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். கோனிகா மினோல்டா 2006இல் கேமரா தொழிலை விட்டே விலகியது. அதன் டைனாக்ஸ் 7டி கேமராவுக்கான என்பி-400 பேட்டரியை இன்று ஒரிஜினலாகத் தேடிப் பிடித்தாலும் அது பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததாகவே இருக்கும். லித்தியம் அயனி செல் பயன்படுத்தாவிட்டாலும் முதுமையடையும். சார்ஜ் தானாக வடிந்து, ஓர் எல்லைக்குக் கீழே போனால் மீளாது. அந்தக் கேமராவை இன்னும் காதலிப்பவருக்கு, போன வருடம் செய்த நல்ல மாற்று பேட்டரிதான் கிடங்கில் கிடந்த ஒரிஜினலைவிட மேலானது. அருமையான ஒரு கருவி குப்பைக்குப் போகாமல் இருப்பதற்கும் அதுவே காரணம்.

மாற்று பேட்டரியை வாங்கி ஒரு வருடம் கடந்தவர், தெரிந்தோ தெரியாமலோ இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிடுகிறார். தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் "அண்ணே, எந்த பேட்டரி வாங்கலாம்?" என்று அவரிடம்தான் கேட்பார். இப்போது சொல்லும் இடத்தில் இருப்பவர் அவர். வாங்கி இரண்டு நாளில் "சூப்பரா இருக்கு" என்று சொன்னது அறிந்தபடி சொன்னது ஆகாது. இரண்டு நாளில் அறிய எதுவும் இல்லை. எந்த கேமராவில், எந்தச் சார்ஜரில், எத்தனை மாதம். முதலில் எத்தனை படம், இப்போது எத்தனை. உறை எங்காவது உப்பியிருக்கிறதா, கேமராவிலிருந்து எடுக்கும்போது இறுக்கமாக வருகிறதா. வெயிலில் நின்ற காரில் விட்டுவைத்ததுண்டா. பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தபோது என்ன வந்தது. இவற்றைச் சொல்லி, தீயைப் பற்றித் தன் அனுபவம் எதையும் நிரூபிக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்ட தம்பிக்கு வாத்ஸ்யாயனர் கேட்ட இரண்டும் கிடைத்துவிடும். உப்பிய பேட்டரியை "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று பையில் வைத்துக்கொள்ளாமல், முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரிகளைத் திரும்பப் பெறும் சேகரிப்பு மையத்தில் அன்றே கொடுத்துவிட வேண்டும் என்பதையும் அவர் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.